இரண்டு பிரதிகளில் ஒன்றையாவது படியுங்கள்

நாளிதழ்களிலும் வார, மாத இதழ்களிலும் நூல் அறிமுகப் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

குழந்தைகள் தினத்தையொட்டி வந்த இணைப்புகளைப் பார்த்தேன். ஓர் இதழ் சிறார் நூல்களுக்கென்றே முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது. ஆசையாகப் பிரித்தேன். பத்துப் பன்னிரண்டு அட்டைப்படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி, விலை, பதிப்பகத்தின் கைபேசி எண். அந்த நான்கு வரிகளை எங்கேயோ படித்த நினைவு. பட்டியலில் இருந்த இரண்டு புத்தகங்கள் எங்கள் வகுப்பு அலமாரியிலேயே இருந்தன. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்னட்டையில் பதிப்பகம் போட்டிருந்த வாசகங்கள்தான். அதிலிருந்த ஒற்றுப்பிழைகூட அப்படியே உங்கள் பக்கத்தில் ஏறியிருந்தது.

எந்த இதழ் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வீர்கள்.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். நூலகப் பாடவேளை என் பொறுப்பில் இருக்கிறது. அலமாரியில் இருப்பதில் பாதி நன்கொடையாக வந்தது. மீதி நாங்கள் கைக்காசு போட்டு வாங்கியது. பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த சில்லறையும் அதில் உண்டு. எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டி வாங்கும் வாய்ப்பு மாவட்டப் புத்தகத் திருவிழாவின்போதுதான். மற்ற நாளெல்லாம் உங்கள் பக்கத்தை நம்பித்தான் பணம் அனுப்புகிறோம்.

அப்படி நம்பி வாங்கிய ஒன்றைச் சொல்கிறேன். மலைக்கிராமத்துச் சிறுவனையும் அவன் வளர்க்கும் ஆட்டுக்கிடாயையும் பற்றிய கதை. ஓவியங்கள் கண்ணைப் பறிப்பதாகவும், எல்லாக் குழந்தைகள் கையிலும் தவழ வேண்டிய நூல் என்றும் மதிப்புரை சொன்னது. புத்தகம் வந்தது. வழுவழுப்பான ஆர்ட் பேப்பர், கருநீலப் பின்னணி, அதில் பொடிப்பொடியாக வெள்ளை எழுத்து. டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தால்தான் வரி தெரிகிறது. முதல் பக்கத்திலேயே கண்ணீர் 'பிரவாகமெடுக்கிறது'. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நான்காம் வகுப்புப் பையன் அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு எழுத்தை விட்டுவிட்டுப் படம் பார்க்கப் போனான். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டான். "டீச்சர், கிடா கருப்புன்னு போட்டுருக்கு. படத்துல வெள்ளையா இருக்கு. அடுத்த பக்கத்துல கொம்பையே காணோம்."

அவன் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள். அதற்குமேல் அந்தக் கதையை நம்ப அவன் தயாராக இல்லை. புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டிவிட்டான். இன்னும் சிலர் கைக்குப் போனதும் பசை விட்டு நடுப்பக்கங்கள் கழன்று வந்துவிட்டன. ஸ்டேப்ளர் பின் அடித்த பழைய புத்தகங்கள் எத்தனையோ கை மாறியும் எங்கள் அலமாரியில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

எழுத்து பொடி, நடை கடினம், படம் கதையோடு ஒட்டவில்லை, கட்டுமானம் தாங்காது. இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அந்தக் காசு வேறு புத்தகத்துக்குப் போயிருக்கும். நான்காம் வகுப்புப் பையன் கண்டுபிடித்ததை உங்கள் மதிப்புரையாளர் கண்டுபிடிக்கவில்லை என்றால், அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மாதத்துக்கு ஒரே ஒரு புதிய சிறார் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முழுதாகப் படித்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள். எந்த வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தும், தானே படிக்குமா, பெரியவர் யாராவது படித்துக்காட்ட வேண்டுமா, படம் வரைந்தது யார், எங்கே கதை தொய்கிறது என்று எழுதட்டும். முடிந்தால் ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று கட்டாயமாகக் கேட்கிறீர்கள். பதிப்பகங்களும் தபால் செலவைப் பார்க்காமல் அனுப்புகின்றன. சிறார் நூலாக இருந்தால் அது நேரே, பெயரை மட்டும் போடும் 'வரப்பெற்றோம்' பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒன்றைக்கூடப் படிக்காத இடத்துக்கு இரண்டு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அந்த இரண்டாவது பிரதியை ஏதாவது ஒரு பள்ளிக்கு அனுப்பிவிடலாமே.

விருது அறிவித்தால் மட்டும் உங்கள் பக்கம் விழித்துக்கொள்கிறது. சாகித்திய அகாதமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்ய புரஸ்கார் விருது கொடுத்துவருகிறது. ஒவ்வோர் ஆண்டும் எழுத்தாளர் படம், பொன்னாடை, வாழ்த்துச் செய்தி எல்லாம் வந்துவிடுகின்றன. புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் வருவதில்லை. 2020இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் கதை. அதை எந்த வகுப்பிலிருந்து கொடுக்கலாம், கொடுத்துவிட்டுப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு எப்படித் தயாராக இருக்க வேண்டும்? ஓர் ஆசிரியருக்கும் தாய்க்கும் மதிப்புரையிலிருந்து தேவைப்படுவது இந்த வழிகாட்டுதல்தான். துணிச்சலான முயற்சி என்று ஒரே வரியில் பாராட்டி முடித்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது? உதயசங்கரும் யூமா வாசுகியும் அடுத்தடுத்த ஆண்டுகளில், 2023இலும் 2024இலும், இதே விருதைப் பெற்றார்கள். மலையாளத்திலிருந்து அவர்கள் சிறாருக்காக மொழிபெயர்த்தவை தனி அலமாரியையே நிரப்பும். அந்தத் தமிழ் பிள்ளைகள் வாயில் எப்படி உட்காருகிறது என்று யாராவது உரசிப் பார்த்து எழுதினால் ஓடோடி வந்து படிப்பேன்.

குறை சொல்லக் கூடாது என்ற இரக்கம் வேறு. 'பாவம், குழந்தைகளுக்கென்று எழுத வருவதே நாலு பேர், அவர்களையும் ஏன் நோகடிக்க வேண்டும்' என்று ஒரு விமர்சகர் என்னிடமே சொன்னார். பெரியவர்கள் நாவல் என்றால் ஆறு பக்கம் கிழிக்கிறீர்கள், மறு இதழில் எதிர்வினை, அதற்கும் எதிர்வினை. சிறார் நூலுக்கு மட்டும் தலையைத் தடவிக் கொடுப்பு. அணிந்துரை எழுதியவரே மதிப்புரையும் எழுதுகிறார், வேலை மிச்சம். நன்றாக எழுதுகிறவருக்கும் நீதிக்கதையைத் திருப்பிப் போட்டுப் பெயர் மாற்றுகிறவருக்கும் ஒரே பாராட்டு கிடைத்தால், நன்றாக எழுதுகிறவர் எதற்காக மெனக்கெட வேண்டும்?

அமெரிக்காவில் பாஸ்டனில் 1924இல் தொடங்கிய 'தி ஹார்ன் புக்' இதழ் சிறார் நூல்களை எடைபோடுவதற்கென்றே இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய மொழி இது. ஒரு பத்தி கேட்டால் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். அரசின் வாசிப்பு இயக்கம்கூடப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டது. உங்கள் பக்கத்தில் மூன்று வயதுக்கும் பதிமூன்று வயதுக்கும் ஒரே சொல், 'குழந்தைகள்'. எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் முயல் கதையைக் கொடுத்துப் பாருங்கள், அவள் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது. படக்கதையைத் தாண்டிவிட்ட, பெரியவர்கள் நாவல் இன்னும் எட்டாத அந்த வயதுக்கு என்ன வருகிறது என்று தேடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

இதையெல்லாம் கூட விட்டுவிடலாம். அதே இணைப்பில், அட்டைப்படங்களுக்கு அடுத்த பக்கத்திலேயே ஒரு கட்டுரை: இந்தக் காலத்துப் பிள்ளைகள் மொபைலை விட்டுக் கண்ணெடுப்பதில்லை, வாசிப்பு செத்துவிட்டது, பெற்றோரே காரணம். அம்புலிமாமா போயிற்று, கோகுலம் போயிற்று, சுட்டி விகடன் போயிற்று. கடையில் தொங்கிய இதழ்கள் ஒவ்வொன்றாக மறைந்தபோது பிள்ளைகளா போய் மூடச் சொன்னார்கள்? விளம்பரம் வராத பக்கம் முதலில் போகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பழியை மட்டும் ஏழு வயதுப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னியுங்கள். பக்கம் குறைந்துவிட்டது, ஆள் குறைந்துவிட்டது, மதிப்புரைக்குச் சன்மானம் கொடுக்கவே நிர்வாகத்திடம் மன்றாட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால்தான் மாதம் ஒரு நூல் என்கிறேன், வாரம் ஒன்று என்று கேட்கவில்லை. எழுத ஆளில்லை என்றால் கேளுங்கள். நூலகப் பாடவேளை எடுக்கும் ஆசிரியர்கள், கிளை நூலகர்கள், கதைசொல்லிகள் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆள் இருக்கிறோம். சன்மானம்கூட வேண்டாம், புத்தகத்தை எங்களிடமே விட்டுவிடுங்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கான சிறப்பிதழுக்கு இந்நேரம் பக்கம் பிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அதில் அட்டைப்படங்களை அடுக்கி ஒரு பக்கம் போடுவதற்குப் பதில், யாராவது முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்த இரண்டே இரண்டு புதிய சிறார் நூல்களைப் பற்றி, குறையோடும் நிறையோடும், வயதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். புத்தகக் காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பப்போகிறோம். அவர் கையில் கொடுத்தனுப்பும் பட்டியலை உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்