நாலாவது மூவ்

கண்ணு,

உன் செஸ் டீமின் இரண்டாம் போர்டுப் பையன் கறுப்பில் ஆடித் தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் கிடைத்தது. 4-வது மூவிலேயே ஆட்டம் போய்விட்டது, மிச்சமெல்லாம் சடங்கு.

ஒவ்வொரு எண்ணுக்கும் முதலில் வெள்ளையின் மூவ், பிறகு கறுப்பின் மூவ்; மூன்று புள்ளி இருந்தால் கறுப்பின் மூவ் மட்டும். 1.இ4 சி6 2.டி4 டி5 3.இ5 பிஷப் எஃப்5. அதுவரை சரி. அந்த பிஷப்பை சிப்பாய்களுக்கு வெளியே எடுக்கத்தானே 1...சி6 என்று தொடங்கும் இந்த காரோ-கான் ஓப்பனிங்கை ஆடுகிறோம்? எதிராளி 4.எச்4 தள்ளினான். நம் பையன் பழக்கத்தில் 4...இ6 வைத்துவிட்டான். பிஷப் வீடு திரும்பும் வழியை அவனே அடைத்துக்கொண்டான். 5.ஜி4 பிஷப் இ4 6.எஃப்3 பிஷப் ஜி6 7.எச்5. இனி அந்த பிஷப் சி2 சிப்பாயை வெட்டிக்கொண்டு சாகலாம், அவ்வளவுதான். 'சேஃப் ஓப்பனிங்' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் எதிராளியின் மூவைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

4...எச்5-ஐப் பழக்கு. இலவசம் இல்லை: ஜி5 கட்டம் வெள்ளைக்குப் போகும், ராஜா பக்கம் கேஸ்லிங் செய்து ராஜாவை ஒதுக்கி வைக்கவும் யோசிக்க வேண்டும். 5.பிஷப் ஜி5 வந்தால் ராணி பி6. 6.பிஷப் டி3-க்கு பிஷப்பை மாற்றிவிட்டு, 7.ராணி டி3-இல் வெட்டியதும் ராணி ஏ6. ராணியை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்கிற மூவ் அது. பி2 சிப்பாயைப் பார்த்து நாக்கு ஊறக் கூடாது. குதிரை ஒன்றுகூட வெளியே வரவில்லை.

4...எச்6-உம் உண்டு. ஆனால் 5.ஜி4-க்கு பிஷப் டி7-க்குத் திரும்ப வேண்டும். 1961 உலக சாம்பியன் பட்ட மறுபோட்டியில் டாலுக்கு எதிராக போட்வின்னிக் அப்படித்தான் பின்வாங்கினார். எச்7-க்கு ஓடினால் 6.இ6 என்று சிப்பாயைக் கொடுத்து உடைப்பார்கள். எஃப் சிப்பாயால் வெட்டினால் பிஷப் டி3, பிஷப்புகள் மாறிய பிறகு வெள்ளை ராணி ஜி6-இல் செக்.

இன்னொன்று. முதல் போர்டுக்கு வெள்ளை வரும் ரவுண்டிலெல்லாம் இவனுக்குக் கறுப்புதான். மற்ற மூன்று போர்டும் முடிந்து டீம் 2-1 முன்னிலை என்றால் டிராவே போதும், அப்போது அந்த ராணி ஏ6 தங்கம். டிராவுக்குச் சம்மதிக்கலாமா என்று அவன் கேட்டால், கேப்டனாக ஆம், இல்லை என்று மட்டும் சொல். பொசிஷனைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. அவனே எதிராளியிடம் டிரா கேட்பதாக இருந்தால் மூவை வைத்துவிட்டு, வாயால் கேட்டு, பிறகுதான் கடிகாரத்தை அமுக்க வேண்டும். அவசரத்தில் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நாளை 4.எச்4 வரை காய்களை வைத்து, இ6, எச்5, எச்6 மூன்றுக்கும் 'ஜி4 வந்தால் பிஷப் எங்கே போகும்?' என்று கேள். கை காயைத் தொடாமல் பதில் சொல்லட்டும்.

அம்மா