பீடித்தட்டு இருந்த மடி

அன்புள்ள தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் எடுத்த எடுப்பிலேயே “பாப்பா எடை எவ்வளவு?” என்று கேட்டேன். “உனக்கு வேற கேள்வியே தெரியாதாம்மா” என்று வைத்துவிட்டாய். கோபமில்லை. 31 வருஷம் பால்வாடியில் தராசு பிடித்துப் பழகிவிட்டேன். வாய் அதைத்தான் முதலில் கேட்கிறது.

நீ அனுப்பிய ‘மூளை வளர்ச்சி’ விளையாட்டுப் பெட்டி விளம்பரத்தைப் பார்த்தேன். ஆறாயிரம் ரூபாயாமே! முதல் மூன்று வருஷம் மூளை வேகமாக வளர்வது நிஜம்தான். அதற்கப்புறம் ஒன்றும் ஏறாது என்பது வியாபாரம்.

நம் தெருவில் பாதி வீட்டில் பீடி சுற்றுவார்கள், உனக்கே தெரியும். அதில் ஒரு வீட்டுப் பிள்ளை. மாதாமாதம் எடை போடுவேன். வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு சரியாக ஏறிக்கொண்டிருந்தது. எனக்குத் திருப்தி. இரண்டு வயதாகியும் அது வாய் திறக்கவில்லை. காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காதில் குறையில்லை. ஒருநாள் வீட்டுக்குப் போனபோதுதான் புரிந்தது. காலையிலிருந்து இருட்டும்வரை அதன் அம்மா மடியில் பீடித்தட்டு. புகையிலைத் தூள் பட்டுவிடக் கூடாதென்று பிள்ளையை வாசற்படி ஓரமாக உட்கார வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? சுற்றினால்தான் கூலி.

“தட்டை இறக்க வேண்டாம், வாயைத் திற” என்றேன். கட்டும்போது சத்தமாக எண்ணு, அது ஏதாவது குரல் கொடுத்தால் நீயும் குரல் கொடு, தெருவில் போகிற ஆட்டை அதற்குக் காட்டு. அப்புறம் மெல்ல மெல்லப் பேசியது. நான் சொன்னதால்தானா, அதற்கு நேரம் வந்ததாலா, எனக்கே தெரியாது.

ஓய்வு பெறும் முன் ஒரு பயிற்சியில் ஜமைக்கா நாட்டுக் கதை ஒன்று சொன்னார்கள். 1986-87இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழை வீடுகளில், வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு வாராவாரம் ஒரு கிலோ சத்துப் பால்மாவு. சிலர் வீட்டுக்கு வாரம் ஒருமணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவுமில்லை. பொம்மையெல்லாம் வீட்டுச் சாமான்களில் செய்ததுதான். இரண்டு வருஷம் இப்படி. இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் அது கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். மாவு மட்டும் வாங்கியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

தங்கம், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சத்துமாவு வேண்டாமென்று யார் சொன்னது? பசித்த பிள்ளை எங்கே விளையாடும்? ஆனால் உன்னை நினைத்துக்கொண்டேன். ஊர்ப் பிள்ளைகளை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் ரிஜிஸ்டர் எழுதுவேன். நீ வந்து நோட்டை மூடுவாய். நான் கையைத் தட்டிவிடுவேன். உன் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, அக்குள்வரை நண்டு ஊரவிட்டதெல்லாம் ஆச்சிதான். நண்டு முழங்கையில் நிற்கும்போதே நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆச்சி முகத்தையே பார்ப்பாய். அடுத்து என்ன வரும் என்று உனக்குத் தெரியும். அது வரும்வரை காத்திருப்பாய். அந்தப் படிப்பு எந்தப் பெட்டியில் வருகிறது, சொல்?

நீ வேலைக்குப் போவதால் பாப்பா கெட்டுப்போவாள் என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதே. பார்த்துக்கொள்கிற அந்த அக்கா பாப்பாவோடு பேசுகிறாளா, டிவியைப் போட்டு விடுகிறாளா என்று மட்டும் கவனி. ஆளை அடிக்கடி மாற்றாதே. மாப்பிள்ளை குளிப்பாட்டும்போது போனைக் கூடத்தில் வைத்துவிடட்டும். பேச வராது என்றால் கிரிக்கெட் கதையாவது சொல்லட்டும், பாப்பா கேட்பாள்.

பத்தாம் தேதி ரயிலில் வருகிறேன். பாப்பா தட்டி விளையாட, மூடியோடு இரண்டு எவர்சில்வர் டப்பாவும் ஆச்சியின் மரக்கரண்டியும் எடுத்து வைத்திருக்கிறேன். சத்தம் அதிகமாக இருக்கும், கீழ்வீட்டில் முன்னாலேயே சொல்லி வை.

அம்மா