பொங்கல் என்றைக்கு என்று தெரிகிறது, பாடம் எது என்று தெரியவில்லை

தமிழ்நாட்டின் தொடக்கக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எந்தக் கிழமை காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கூடச் சொல்லிவிடுவார். செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்தது. இந்தக் கொஞ்ச காலத்தில் அதன் பட்டியல் ஊருக்கே மனப்பாடம். சத்துணவுப் பட்டியலோ சுவரிலேயே பெயின்டில் எழுதியிருக்கிறது. ஆனால் இந்த வாரம் இரண்டாம் வகுப்பில் கணக்கில் என்ன நடக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் எனக்கும் தெரியாது. பிள்ளையைக் கேட்டால் “ஒண்ணும் நடத்தல” என்று வரும். எல்லா வீட்டிலும் வரும் பதில்தான் அது.

நடத்தாமல் இல்லை என்பது பையைத் திறந்தாலே தெரியும். போன மாதம் என் மகளின் பையில் ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகள் கிடந்தன. கட்டுக்குப் பத்துக் குச்சி, உதிரியாகக் கொஞ்சம். அவளுடைய பாட்டி அதைக் குப்பை என்று எடுத்துப் போடப் போக, வீட்டில் ஒரே அழுகை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் இருக்கின்றன. இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆகிவிடும். இப்போது ஏழு உதிரியையும் இரண்டு கட்டையும் எடுத்தால் மீதி 25. பத்து எங்கிருந்து வந்தது என்று அவள் கையால் தொட்டுக் காட்டினாள். எங்கள் காலத்தில் “பக்கத்தில் கடன் வாங்கு” என்றார்கள், வாங்கினோம். அந்தக் கடன் ஏன் பத்தாகவே வருகிறது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாயங்காலம் டியூஷனுக்குப் போனால் அங்கே அந்தப் பழைய கடன்தான். அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. பள்ளியில் அந்த வாரம் குச்சிக் கட்டு வைத்து நடத்துகிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நடுவில் பிள்ளைதான் குழம்புகிறாள். வகுப்பில் கட்டைப் பிரி, டியூஷனில் கடன் வாங்கு, வீட்டில் ‘குச்சியைத் தூக்கிப் போடு’.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தபோது நல்லதாகவே பட்டது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மூன்றாம் வகுப்புக்குள் சரிசெய்ய நினைத்தீர்கள், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீட்டித்தீர்கள். வகுப்பு எதுவானாலும் பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து தொடங்க அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தீர்கள். அதற்குக் கையேடு, பயிற்சி நூல், பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் தயாராயின. ஆசிரியருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. பெற்றோருக்கு வந்தது அந்த மூன்று பெயர்கள் மட்டும். அதனால்தான் கூட்டத்தில் ஒரு அம்மா “என் பையன் மட்டும் ஏன் இன்னும் மொட்டுலயே நிக்கிறான், ஃபெயிலா?” என்று கேட்டார். ஆசிரியர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனால் அந்த விளக்கத்துக்கு வருடத்தில் ஒருநாள்தான் வாய்த்தது.

பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இருக்கிறோம். கழிப்பறைக் கதவு, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசுகிறோம். அவை வேண்டியவைதான். பாடத்தைப் பற்றிப் பேச எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்பதால்தான் பேச்சு எப்போதும் தொட்டியிலேயே நிற்கிறது.

கேட்பது சின்ன விஷயம். பள்ளி வாசலில் திருக்குறள் எழுதும் கரும்பலகை இருக்கிறது. அதன் ஓரத்தில் திங்கள்கிழமை காலையில் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு வரி எழுத வேண்டும். “இரண்டாம் வகுப்பு: கட்டைப் பிரித்துக் கழித்தல். வீட்டில் பத்துப் பத்தாக ஈர்க்குச்சி கட்டச் சொல்லுங்கள்.” “மூன்றாம் வகுப்பு: இலைகள். புதன்கிழமைக்கு ஐந்து வகை இலை கொண்டுவர வேண்டும்.” இவ்வளவுதான். (இந்த இரண்டாவது வரி இருந்திருந்தால், ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு முருங்கை இலை தேடியிருக்க வேண்டாம் என்று தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.) ‘இனமாற்றம் செய்து கழித்தல்’ என்று பாடநூல் நடையில் எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் நடக்கிற நடையிலேயே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி படித்துச் சொல்லட்டும், அவளுக்கும் வாசிப்புப் பயிற்சிதான்.

இதை ஆசிரியர் தலையில் கட்ட வேண்டாம் என்பதுதான் நான் முக்கியமாகக் கேட்பது. எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்தையும் பார்க்கிறார், நடுவில் மாணவர் விவரம் ஏற்றும் எமிஸ் இணையதளத்தில் பதிவும் போடுகிறார். வாரப் பாடக்குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து பெற்றோருக்கான இரண்டு வரியைப் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் வைத்து எழுதி, எல்லாப் பள்ளிக்கும் அனுப்ப மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தால் முடியாதா என்ன? பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் கல்வித் தொலைக்காட்சியில் எந்த வகுப்புக்கு எந்த நேரம் என்ன பாடம் என்று அட்டவணை போட்ட துறைதானே இது. பலகையில் எழுதும் வேலையைக் குழுவில் இருக்கும் பெற்றோர் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு பயம் ஆசிரியர்களுக்கு இருக்கும், அது நியாயமும்கூட. “பலகையில போட்டிருக்கு, ஏன் நடத்தல?” என்று நாளைக்கு யாராவது சண்டைக்கு வரலாம். அதனால் “போன வாரப் பாடமே தொடர்கிறது” என்று எழுத ஆசிரியருக்கு முழு உரிமை இருக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது பலகையில் வரவே கூடாது. அது தாய் தகப்பனிடம் தனியாகச் சொல்ல வேண்டியது.

அதைவிடப் பெரிய பயம் எனக்கு உங்களைப் பற்றித்தான். திட்டம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க, பலகையைப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றச் சொல்வீர்கள். பத்து மணிக்குள் ஏற்றாத பள்ளிகளின் பட்டியல் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகும். அன்றைக்கே அது போட்டோவுக்காக எழுதும் பலகை ஆகிவிடும், வரியும் மேலே இருப்பவர்களுக்குப் பிடித்த மொழிக்கு மாறிவிடும். தயவுசெய்து இதற்குச் செயலி வேண்டாம், அறிக்கை வேண்டாம், ஆய்வும் வேண்டாம். பார்த்துக்கொள்ளத்தான் பெற்றோர் இருக்கிறோமே.

வரும் பருவத்திலிருந்து ஒரு ஒன்றியத்தில் மட்டும் செய்து பாருங்கள். எங்கள் ஒன்றியமாக இருந்தால் சாக்பீஸ் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்