பெயர் சொல்ல வேண்டாம் என்ற அண்ணனுக்கு நன்றி

ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றில் நான் நடத்தும் மாலை வகுப்புக்குப் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. காப்பிப் பழம் பறிக்கும் சீசனில் அப்பா அம்மா தோட்டத்திலிருந்து திரும்ப இருட்டிவிடும். அதுவரை பிள்ளைகள் என்னோடு உட்கார்ந்து படிப்பார்கள்.

உதவி கேட்டுப் போனால் பலரும் முதலில் கேட்பது, நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வாங்க உதவும் 80ஜி ரசீதைத்தான். கேட்பது தப்பில்லை. ஆனால் தனி ஆளாகச் செய்பவளால் அதைத் தர முடியாதே.

போன மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வண்டி பஞ்சர். கடையில் நின்றிருந்த அண்ணன் ஒருவர் என் பின் டயரைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "இதை வச்சுக்கிட்டா 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குறம்மா?" என்று நிஜமாகவே கோபப்பட்டார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு டயரும் புதிதாக மாட்டச் சொன்னார், பிரேக்கையும் சரிபார்க்க வைத்தார். அப்புறம் பெட்ரோலுக்கு என்று மாதம் 500 ரூபாய் அனுப்புவதாகச் சொல்லி, அன்றே முதல் மாதத்துக்கும் அனுப்பிவிட்டார்.

"நோட்டு, பேனா யாராவது வாங்கிக் கொடுப்பாங்க. நீ போய்ச் சேந்தாத்தானம்மா வகுப்பு?" என்றார். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் புது டயரில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடி ஒன்றைப் பிய்த்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான். அண்ணா, அதைப் பார்க்கவாவது ஒருநாள் குடும்பத்தோடு மேலே வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.