இரண்டு கோடு

கோண்டாவில்,
பங்குனி 18

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் சுகமாய் இருக்க நல்லூரான் துணை. அம்மா பங்குனித் திங்களுக்கு மட்டுவிலுக்குப் போய்ப் பொங்கிப்போட்டு வந்தவ. என்ன நேத்தி எண்டு கேட்டா வாய் திறக்கிறா இல்லை. நீ எடுத்து மூண்டு கிழமை. கனடாவில உனக்கு வேலை கூட எண்டு தங்கச்சி சொன்னா. சரி. போன்ல கதைச்சா "ஓம் அப்பா, ஓம் அப்பா" எண்டு சொல்லி வைச்சிடுவாய், அதுதான் எழுதுறன். தங்கச்சி படம் பிடிச்சு அனுப்புவா. ஊர்ப் புதினம் கனக்கக் கிடக்கு, கடைசியில எழுதுறன்.

தங்கச்சி காட்டின ட்ரிஃப்ட் வீடியோவை, பின்பக்கத்தை வழுக்க விட்டுக் கார் ஓடுறதை, நாலைஞ்சு தரம் பார்த்தன். பன்னிரண்டு விநாடி. ஓட்டினது ஆரெண்டு தெரியேல்லை, நான் கேக்கவும் இல்லை. வெள்ளை பீஎம்டபிள்யூ, ஈ 46 மொடல். ஓட்டம் வடிவு, அதைச் சொல்லத்தான் வேணும். வளைவுக்குள்ள போக முதல் எதிர்ப்பக்கம் ஒருக்கா ஆட்டி, பாரத்தை மற்றப் பக்கம் எறிஞ்சு, பின்பக்கம் வழுக்கத் தொடங்கின உடன ஸ்ரியறிங்கைக் கையுக்குள்ள ஓட விட்டான் அந்த ஓட்டினவன். முன்சில்லு தானாய் எதிர்ப்பக்கம் திரும்பிச்சுது. முன்சில்லு திரும்புற அச்சுப் பின்னுக்குச் சரிஞ்சு, காஸ்ரர் கோணம் எண்டு, இருக்கிறதால முன்சில்லு எப்பவும் கார் போற திசையைத்தான் தேடும். பழகாதவன் இறுக்கிப் பிடிச்சு அதோட மல்லுக்கட்டுவான். இவன் பழகினவன்.

ஆனா நிலத்தில ரெண்டு கோடு.

உந்தக் கார் கொம்பனியில இருந்து ஓப்பின் டிஃபரென்ஷலோடதான் வாறது, பின்சில்லு ரெண்டையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற பல்லுப் பெட்டி. வழுக்கிற சில்லைத்தான் அது சுத்த விடும். ஒரு பக்கம் புகைக்கும், ஒரு கோடு விழும். ரெண்டு கோடும் ஒரே தடிப்பில விழுந்தா ஒண்டில் ஒரு சில்லு மட்டும் சுத்துறதைக் கட்டுப்படுத்துற நல்ல லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷல் போட்டிருக்க வேணும், இல்லாட்டி உள்ளுக்கு இருக்கிற சின்னப் பல்லுச்சில்லுகளை வெல்டிங் பிடிச்சு ஒட்டியிருக்க வேணும். லிமிடெட் ஸ்லிப் வாங்கக் காசு உள்ளவன் முன் மட்காட்டைக் கேபிள் டையால கட்டியிருக்க மாட்டான்.

ஒட்டின டிஃபரென்ஷல் என்ன செய்யும் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, எண்டாலும் சொல்லுறன். பின்சில்லு ரெண்டுக்கும் இடை ஒண்டரை மீற்றர் எண்டு வை. அரைவட்டம் திரும்ப வெளிச்சில்லு உட்சில்லை விட நாலரை மீற்றருக்கு மேல கூட ஓட வேணும். ஒட்டினதில ஓடேலாது, அதால ஒரு சில்லு தேய்ஞ்சு துள்ளும். காய்ஞ்ச இடத்தில "கிறீச்" எண்டு கத்தும், ரயர் தின்னும், பின் ஷாஃப்ட் ரெண்டும் முறுக்கு வாங்கும். ஈர ரோட்டில கத்தாது. முதல் நேரே தள்ளிக்கொண்டு போகும், கொஞ்சம் பெற்றோல் கூடக் குடுத்தா சொல்லாமக் கொள்ளாமப் பின்பக்கம் முன்னுக்கு வரும். வேலைக்குப் போற காரும் உதுதான் எண்டா மழைக்கு என்ன செய்யிறாய்? எண்ணெயை ஒருக்கா வெள்ளைக் கோப்பையில வடிச்சுப் பார். இரும்புப் பொடி மினுங்கினாப் பரவாயில்லை. அரிசி அளவில துண்டு கிடந்தா ஒட்டு வெடிச்சிட்டுது, அதுக்குப் பிறகு ஒரு மைலும் ஓடாதே. பின்சில்லு ஓட்டத்தில இறுகிப்போகும்.

அதை விடப் பெரிசு கார் ஃபிரேமின்ர கதை. ஈ 46 இன்ர பின் சப்ஃபிரேம், டிஃபரென்ஷலைத் தாங்குற இரும்புக் கூடு, நாலு இடத்தில உடம்புத் தகட்டோட பொருந்தியிருக்கு. அந்தத் தகடு மெல்லிசு. சும்மா ஓடுற காரிலயே அது வெடிக்கிறது தெரிஞ்ச வருத்தம். கிளச்சை உதைச்சு உதைச்சு வழுக்கினா ஒவ்வொரு உதையும் அந்த நாலு இடத்துக்குத்தான் போகும். அதோட உங்கட ரோட்டில கொட்டுற உப்பு. லிஃப்டில ஏத்திப் பார். கறுப்புப் பூச்சைக் கம்பித் தூரிகையால சுரண்டிப்போட்டு நாலு பொருத்தையும் சுத்தி வரப் பார், பூச்சுக்கு மேலால பார்த்தா வெடிப்புத் தெரியாது. டிக்கியில விரிப்பைக் கழட்டி மேற்பக்கத்து ஸ்பொட் வெல்டிங் பிஞ்சிருக்கோ எண்டும் பார். பெற்றோலை மிதிச்சு விட, பின்னுக்கு "டொக்" எண்டு கேக்குதோ? அது ரப்பர் புஷ்ஷாயும் இருக்கலாம், தகடாயும் இருக்கலாம், பாராமல் தீர்மானிக்காதே. வெடிச்சிருந்தா அந்தக் கோட்டுக்கு மேல ஒட்டிப்போட்டு விடுறது வேலையில்லை. வெடிப்பின்ர ரெண்டு நுனியிலயும் சின்னத் துளை போட்டு நிப்பாட்டி, ஒட்டி, மேல பலத்த தகடு வைச்சு நாலு பொருத்துக்கும் பிடிக்க வேணும். ஒரு பொருத்து வெடிச்சா மற்ற மூண்டும் வரிசையில நிக்குது எண்டு நினை. ஜாக்கில மட்டும் நிக்கிற காருக்குக் கீழ தலை வைக்காதே, ஸ்ராண்ட் வை.

முன் மட்காட் கட்டிக் கிடக்கிற பக்கம், சில்லைப் பிடிச்சிருக்கிற லோவர் ஆமையும் அதைத் திருப்புற டை ரொட்டையும் பார். சில்லு எதிலயும் பட்டதெண்டு நான் சொல்லேல்லை. பட்டிருந்தா சொல்லுறன். ஸ்ரியறிங் நேரே இருக்கேக்க கார் ஒரு பக்கம் இழுத்தா, அலைன்மென்ட் பிடிச்சு ஒப்பேத்தாதே. வளைஞ்ச இரும்பை நிமித்திப் போடுறது உங்க இல்லை, மாத்து.

தங்கச்சி உன்ர பிறந்தநாள் படமும் அனுப்பினவ. கேக் தட்டு பிடிச்சிருக்கிறாய், இடது பெருவிரல்ல கட்டு. கேம் ஸ்ரியறிங்கில அடிபட்டதெண்டு சொன்னியாம். அந்தக் கேம் ஸ்ரியறிங் நான் பார்த்த லொஜிடெக்தானே? அது திருப்புற விசை சுமார் 2 நியூற்றன் மீற்றர். அம்மா பிட்டுக் குழைக்கிற விசை அதை விடக் கூட. 15, 20 எண்டு முறுக்குற, மோட்டரோட நேரே பூட்டின டைரக்ட் ட்ரைவ் எண்டா விரல் போகும், ஒத்துக்கொள்ளுறன். அது வாங்கினியோ? எதெண்டாலும், பெருவிரலைச் சக்கரத்துக்கு உள்ளுக்குக் கொழுவாதே. விளிம்புக்கு மேல படுத்துக் கிடக்க வேணும். முன்சில்லு ரோட்டோரக் கட்டில இடிச்சா ஸ்ரியறிங் ஒரு நொடியில சுத்தும், கம்பி விரலைக் கொண்டு போகும். ரெண்டு கிழமையில வீக்கம் வத்தாட்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேணும்.

கேமைக் குறை சொல்லேல்லை. எதிர்த் திருப்பமும் கண் எங்க பாக்க வேணும் எண்டதும் அதில வரும். 2008 இல கேம் போட்டியில வெண்ட ஸ்பெயின்காரன் லூக்காஸ் ஓர்டோனெஸ் லு மான் 24 மணி நேரப் பந்தயம் வரைக்கும் ஓடினவன், நீ அதைத்தான் சொல்லுவாய் எண்டு தெரியும். அவனைத் திரைக்கு முன்னால இருந்து நேரே கொண்டுபோய் விடேல்லை, பாதையில வைச்சுப் பழக்கித்தான் விட்டவங்கள். கேமில பின்பக்கம் போறது கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகுதான் விளங்கும். காரில அதுக்கு முதலே இருக்கையில இடுப்புக்குத் தெரியும். அந்த இடைவெளியைக் கேமால பழகினவன் காரில கையைப் பிந்திக் குடுப்பான், பிந்தினதை நேராக்கக் கூடக் குடுப்பான், பிறகு மற்றப் பக்கம் எறியும். கேமில உடன ஒரு பொத்தான் இருக்கு, காரை எடுத்துத் திரும்ப வைக்க.

வீடியோவில வெளிவளைவுப் பக்கம் ஒன்பது பெடியள் போனும் கையுமாய் நிக்கினம். எண்ணிப் பார்த்தனான். ட்ரிஃப்டில பெற்றோலைப் பட்டெண்டு விட்டா பின்ரயர் திரும்பப் பிடிக்கும். பிடிக்கிற நேரம் முன்சில்லு எங்க பார்த்துக்கொண்டு நிக்குது? எதிர்த் திருப்பம் குடுத்ததால வெளிப்பக்கம். கார் அந்தப் பக்கம்தான் பாயும். 2024 சித்திரை (ஏப்ரல்) 21 தியத்தலாவையில ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில கார் பாதையை விட்டு விலகி ஏழு பேர் செத்தது. அறிவிச்சு, ஒழுங்கு பண்ணி நடந்த பந்தயம் அது. கடையள் பூட்டின பிறகு கார் பார்க்கில என்ன ஒழுங்கு? உங்கட ஒன்ராறியோச் சட்டத்தில கார் பார்க்கும் சேத்தி. பிடிச்ச இடத்திலயே லைசன்ஸ் 30 நாள், கார் 14 நாள், வழக்கில குற்றவாளியெண்டா தண்டம் 2,000 இல இருந்து 10,000 டொலர். இன்சூரன்ஸ் பிறகு உன்னைத் திரும்பிப் பாராது. உன்னை அங்க அனுப்ப வடலிக் காணியை நான் சும்மா எழுதிக் குடுக்கேல்லை.

ஓடத்தான் வேணுமெண்டா காசு கட்டிக் கயூகாப் பந்தயப் பாதைக்குப் போ. நேரே ஓடிப் பார், ட்ராக் (drag) எண்டுற நேர்கோட்டுப் பந்தயம். கால் மைல், 402 மீற்றர். பச்சை லைட் விழுந்த பிறகு மிதிச்சாப் பிந்தி, கடைசி மஞ்சளோட கால் அசைய வேணும். முதல் 60 அடியில ரயர் சுத்தாமப் பிடிச்சாத்தான் மிச்சம். கடைசியில காத்துத்தான் எதிரி, வேகம் இரட்டிச்சாக் காத்தின்ர இழுவை நாலு மடங்கு. அலுப்பெண்டு சொல்லுவாய். அலுப்பான இடத்தில அம்புலன்ஸ் நிக்கும். ஆனா ஒட்டின டிஃபரென்ஷலும் வெடிச்ச தகடுமாய் அங்கயும் போகாதே. முதல் லிஃப்டில ஏத்திப் பார்.

உனக்கு நல்ல கை. ஸ்ரியறிங்குக்கு மட்டுமில்லை. போன வருசம் கிறடிட் ஆத்தில ஈத் தூண்டில், ஈ மாதிரிக் கட்டின பொய் இரை, போடுறதை வீடியோவில காட்டினியே, தங்கூசியும் மிதப்புமாய்ப் பண்ணைப் பாலத்தில குந்தியிருந்த எனக்கு அது புதுசு. 9 அடித் தடி, 5 ஆம் இலக்கக் கயிறு, நுனியில 5 எக்ஸ் எண்ட மெல்லிய தங்கூசி. பதினொண்டில ஐஞ்சைக் கழிச்சா ஆறு, ஒரு அங்குலத்தில ஆயிரத்தில் ஆறு பங்கு தடிப்பு எண்டு கணக்கும் சொல்லித் தந்தனி. நடு ஆறு கெதியா ஓடும், கரைப்பக்கம் மெல்ல ஓடும். கயிறு குறுக்க கிடந்தா நடுவில வயிறு தள்ளி ஈயை இழுக்கும். ஈக்குப் பின்னால சின்ன "வி" வடிவில அலை எழும்பினா ட்ராக், கயிறின்ர இழுவை, வந்திட்டுது, மீன் திரும்பியும் பாராது. வயிறு விழ முதலே தடி நுனியால கயிறைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் எறிய வேணும். விழுந்த பிறகு எறிஞ்சா ஈயும் சேந்து துள்ளும். அப்பதான் ஈ இலை மாதிரி சும்மா மிதந்து போகும், அதுதான் ட்ரிஃப்ட் எண்டனி. காருக்கு ஒரு ட்ரிஃப்ட், மீனுக்கு ஒரு ட்ரிஃப்ட், வெள்ளைக்காரனுக்குச் சொல் பஞ்சம் எண்டு நான் பகிடி விட, நீ சிரிச்சனி. அந்தச் சிரிப்புத்தான் கடைசி.

இவ்வளவும் எழுதிப்போட்டு ஒண்டை எழுதாம விட்டா நான் மனிசனில்லை. அந்த வெள்ளை டொயோட்டாக் கார், கேஈ 70 க்கு நான்தான் டிஃபரென்ஷல் ஒட்டிக் குடுத்தனான். டோர்ச் பிடிச்சனி நீ, பதினாலு வயசு. கண்ணை மூடு எண்டு சொன்னனான், நீ விரலுக்கால பார்த்தனி. "ஓடத் தெரிஞ்சவனுக்கு இது ஒண்டும் செய்யாது" எண்டு பெரிய ஆள் மாதிரிக் கதைச்சன். ஐயாயிரம் ரூபா. புத்தூர்ச் சந்திக்கு அங்கால நடந்ததுக்குப் பிறகு வந்து கேட்டவைக்கு, இந்தக் கார் என்ர கராஜுக்கு வந்ததே இல்லை எண்டு சொன்னன். நீ கதவடியில நிண்டனி. ஒண்டும் கேக்கேல்லை, அண்டையில இருந்து நீ என்னட்டை ஒண்டுமே கேக்கிறேல்லை. அந்தப் பெடியன்ர தாயைக் கோயில்ல கண்டா நான் மற்ற வீதியால சுத்தி வாறன். ரோட் ஈரம் எண்டு ஊர் சொன்னது. ஈரந்தான். ஈரத்தில அது என்ன செய்யும் எண்டு மேல எழுதியிருக்கிறன், அண்டைக்கும் எனக்குத் தெரியும்.

அதால நான் உன்னை ஒண்டும் கேக்கேல்லை. ஒட்டினதைக் கழட்டிப்போட்டுப் பழைய ஓப்பின் டிஃபரென்ஷல் ஒண்டு வெட்டின காரில இருந்து வாங்கிப் போடு. காசு குறைஞ்சாச் சொல்லு, அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்புவன்.

சித்திரை (ஏப்ரல்) நாலாவது சனி மீன்பிடி திறக்குமெண்டு சொன்னனியெல்லே, இன்னும் நாள் கிடக்கு. ரீலில கயிறு ஓடுறதை இறுக்குற ட்ராக் திருகாணியை இறுக்கினபடி மாரி முழுக்க வைச்சிருப்பாய், வொஷர் அமந்து போகும். இண்டைக்கே தளத்தி விடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கு, கயிறைப் பட்டெண்டு இழுத்தா உருளை தனிய ஓடாத அளவு காணும். அதுக்கு மேல இறுக்கினா 5 எக்ஸ் முதல் பாய்ச்சலிலயே அறும்.

கீழ இருந்து நாலு படம் எடுத்து அனுப்பு, நாலு பொருத்துக்கும் ஒவ்வொண்டு, சுரண்டிப்போட்டு, வெளிச்சம் பிடிச்சு. ஸ்ராண்ட் வைச்சு. அம்மாவுக்கு முகம் தெரியிற மாதிரித் தனிய ஒண்டு. அதில இடது கையும் தெரியட்டும்.

அப்பா