ஒத்திவைப்பும் தள்ளுபடியும் ஒன்றா? அகராதித் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். 'ஒத்திவை' என்ற சொல்லுக்கு உங்கள் அகராதி தரும் பொருள் இது: தள்ளிவை, ஒதுக்கு, விலக்கு, நீக்கு, தள்ளுபடி செய். நடுவில் வெறும் காற்புள்ளிகள். இதைப் பற்றி முன்பே எழுதினேன், பதில் வரவில்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் ஜீவனாம்ச வழக்கு நடத்திவருகிறார். 'வழக்கு ஒத்திவைப்பு' என்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'வாய்தா' என்று வந்திருந்தால் சட்டென்று புரிந்திருக்கும். கோர்ட்டுக்கு அலைபவர்களுக்கு அந்தச் சொல் அத்துப்படி. பள்ளியில் படிக்கும் மகளிடம் கேட்டார். அவள் உங்கள் அகராதியைத் திறந்து, அந்த வரிசையில் தனக்குப் பழக்கமான சொல்லைப் பிடித்துக்கொண்டாள்: தள்ளுபடி. வழக்கே போய்விட்டது என்று அந்த அம்மா இரவெல்லாம் அழுதிருக்கிறார். மறுநாள் வக்கீல் குமாஸ்தா கூப்பிட்டு அடுத்த தேதியைச் சொல்லியிராவிட்டால் கோர்ட் பக்கமே போயிருக்க மாட்டார்.

வழக்கை ஒத்திவைத்தால் இன்னொரு நாள் உண்டு. மனுவைத் தள்ளுபடி செய்தால் அந்த நீதிமன்றத்தில் அது முடிந்தது. அதே தள்ளுபடி கடனுக்குப் பின்னால் வந்தால் நிம்மதி. திருமணத்தைத் தள்ளிவைத்தார்கள் என்றால் தேதி மாறியிருக்கிறது. மனைவியைத் தள்ளிவைத்தான் என்றால் ஒரு பெண்ணின் வாழ்க்கை நடுத்தெருவுக்கு வந்திருக்கிறது. ஒதுக்கீடு இடம் தருகிறது, ஊரை விட்டு ஒதுக்குவது இருந்த இடத்தையும் பறிக்கிறது. இத்தனையையும் ஒரே வரியில் அடுக்கிவிட்டு அதற்கு 'ஒத்த சொற்கள்' என்று தலைப்பிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தயவுசெய்து ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

செய்யமுடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஒரு சொல்லின் பல பொருளைப் பெயரகராதியிலும், ஒரு பொருளுக்கான பல சொற்களைப் பொருளகராதியிலும் 1732இலேயே வீரமாமுனிவர் தம் சதுரகராதியில் தனித்தனியே பிரித்துவைத்தார். இன்றைய எழுத்துத் தமிழிலிருந்து வாக்கியங்களோடு பொருள் சொல்லும் வழியை க்ரியா அகராதி 1992இல் காட்டியது. வழி போட்டுக் கொடுத்த பிறகும் பழைய பட்டியல்களை அள்ளிக் கொட்டுவது சோம்பல், வேறென்ன? பள்ளித் தேர்வுகளும் இதற்கு உடந்தை. 'ஒரே பொருள் தரும் சொல் எழுதுக' என்று கேட்டுக் கேட்டு, எந்தச் சொல்லையும் எங்கேயும் வைக்கலாம் என்று பிள்ளைகளை நம்பவைத்துவிட்டோம். அரசு அறிவிப்பு எழுதுகிறவர்களும் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்தானே.

சரி, அது உங்கள் கையில் இல்லை. அகராதி உங்கள் கையில் இருக்கிறது. முதலில் இந்த ஒரு குடும்பத்துச் சொற்களையாவது எடுத்துக்கொள்ளுங்கள்: ஒத்திவை, தள்ளிவை, ஒதுக்கு, எடுத்துவை, விலக்கு, தள்ளுபடி. ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் சேருங்கள். மக்கள் வாயில் புழங்கும் 'வாய்தா'வையும் 'ஒத்திவைப்பு'க்குப் பக்கத்தில் போடுங்கள். வாக்கியங்கள் எழுத ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன். அதுவரை 'ஒத்திவை'க்கு நேராக இருக்கும் 'தள்ளுபடி செய்' என்பதை மட்டுமாவது இன்றே எடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அகராதியைத் தினமும் புரட்டும் ஒரு வாசகர்