சின்னத்தைப் பார்த்து மறிக்காதீர்கள்: உதைபந்தாட்டப் பொலிஸாருக்கு ஒரு தாயின் திறந்த மடல்

இங்கிலாந்தில் உதைபந்தாட்டப் போட்டிகளின் ஒழுங்குக்குப் பொறுப்பான பொலிஸ் அதிகாரிகளுக்கும், கழகங்களின் பாதுகாப்பு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் 22 ஆண்டுகளாக இந்த நாட்டில் வாழும் ஒரு தமிழ்த் தாய். என் மகனுக்கு 17 வயது. இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், நீங்கள் நம்புவதையே எங்கள் பெற்றோரில் பலரும் நம்புகிறார்கள் என்பதுதான். விலையுயர்ந்த ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நாலு பேராக ஆட்டம் பார்க்கப் போகிற பிள்ளை கெட்டுப்போன பிள்ளை என்று ஒரு காலத்தில் நானும் நினைத்திருக்கிறேன். அந்த எண்ணத்தோடு வீட்டில் நான் பேசிய சில சொற்களுக்காக இன்றும் வருந்துகிறேன்.

கடந்த மாரிகாலத்தில் மகனும் மூன்று நண்பர்களும் வேறொரு நகரத்தில் நடந்த ஆட்டத்துக்கு ரயிலில் போனார்கள். நால்வரிடமும் முறையாக வாங்கிய டிக்கெட் இருந்தது. எவரும் குடித்திருக்கவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வரும்போது பொலிஸார் இருவரை மட்டும் தனியே அழைத்தார்கள். அழைக்கப்பட்ட இருவரும் ஸ்டோன் ஐலண்ட் என்ற இத்தாலிய நிறுவனத்தின் ஜக்கெட் அணிந்திருந்தார்கள். போக விடப்பட்ட இருவரின் கழுத்தில் கழகத்தின் சால்வை இருந்தது. என் மகனைச் சுவரோரமாக 40 நிமிடங்கள் நிறுத்தி, பெயரையும் முகவரியையும் குறித்து, படம் பிடித்து, நகரத்தை விட்டு வெளியேறுமாறு ஒரு அறிவித்தலைக் கையில் கொடுத்து அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார்கள். இரவு வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. "அம்மா, கையில கிடந்த பட்டியைப் பார்த்துத்தான் மறிச்சவை" என்று மட்டும் சொன்னான். அது எந்த நகரம் என்பதை இங்கே எழுத நான் விரும்பவில்லை, ஏனென்றால் இது ஒரு நகரத்தின் பொலிஸாருக்கு மட்டும் உரிய பழக்கமாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டியை நான் எத்தனையோ முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கறுப்புத் துணியில் திசைகாட்டி ஒன்றைப் பின்னியிருப்பார்கள். இடது கையின் மேற்பகுதியில் இரண்டு பொத்தான்களால் அது பொருத்தப்பட்டிருக்கும். மாலை வேளைகளில் கடையொன்றில் அட்டைப்பெட்டி அடுக்கிச் சேர்த்த காசில், இன்னொருவர் உடுத்துக் கழித்த ஜக்கெட்டைத்தான் அவன் வாங்கினான். வந்த அன்றே ஒரு பொத்தான் கழன்றிருந்தது. அதைத் தைத்துக் கொடுத்தவள் நான்.

இந்த உடைப் பாணியின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. 1970களின் பிற்பகுதியில் லிவர்பூல் கழகம் ஐரோப்பியக் கிண்ணத்துக்காக ஆடி, 1977இல் ரோமிலும் 1981இல் பாரிஸிலும் வென்ற காலத்தில், அதன் பின்னால் போன இளைஞர்கள் பிரித்தானியக் கடைகளில் அப்போது எளிதில் கிடைக்காத அடிடாஸ் சப்பாத்துகளையும் டென்னிஸ் ஆட்டக்காரர்கள் அணியும் மேற்சட்டைகளையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தார்கள். லிவர்பூலில் அவர்களை 'ஸ்கேலி' என்றார்கள், மான்செஸ்டரில் 'பெரி பாய்ஸ்' என்றார்கள். பிறகு நாடு முழுவதும் 'கேஷுவல்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. அந்தக் காலத்துப் பொலிஸார் தேடியது மொட்டைத் தலையையும் கனத்த பூட்ஸையும் கழகச் சால்வையையும். லகோஸ்ட், ஃபிலா நிறுவனங்களின் ஆடைகளை அணிந்து, கழகத்தின் நிறம் எதுவும் இல்லாமல், ஒழுங்காகத் தலைவாரி வந்த பையனை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. சண்டைக்கென்றே போனவர்கள் சிலர் அதற்காகவே இந்த உடையை விரும்பினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், பெரும்பாலான பையன்களை ஈர்த்தது மற்ற ஊர்ப் பையனிடம் இல்லாத சப்பாத்து தன்னிடம் இருக்கிறது என்ற பெருமைதான். என் மகனிடமும் நான் காண்பது அதையேதான்.

அப்படியானால், ஒரு வகை உடையை நீங்கள் உற்றுப் பார்த்ததும் இன்னொரு வகை உடை அரங்கின் படிக்கட்டுகளுக்கு வந்து சேர ஒரு காரணமாயிற்று. பிறகு நீங்கள் அதையும் உற்றுப் பார்க்கத் தொடங்கினீர்கள். பேர்பெரி நிறுவனத்தின் கட்டம்போட்ட தொப்பி அடாவடிக்காரரின் அடையாளமாகி, சில மதுச்சாலைகள் அதை அணிந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பின. 2004இல் நிறுவனமே அந்தத் தொப்பியைத் தயாரிப்பதை நிறுத்தியது. சண்டை பிடிக்க வந்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறொன்றை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இன்று உங்கள் கண் திசைகாட்டிச் சின்னத்தில் நிற்கிறது. 1982இல் இத்தாலியில் மாசிமோ ஒஸ்தி என்ற வடிவமைப்பாளர் தொடங்கிய ஸ்டோன் ஐலண்டை 2020இன் இறுதியில் மொங்க்ளேர் என்ற ஆடை நிறுவனம் 115 கோடி யூரோ மதிப்பில் வாங்க ஒப்பந்தம் செய்தது. உலகெங்கும் கடை வைத்து விற்கப்படும் ஒரு ஜக்கெட்டை எந்தக் கும்பலின் சீருடை என்று சொல்வது? பாடகர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அணிவதைத்தான் என் மகனும் அணிந்தான்.

மகனுக்குக் கொடுக்கப்பட்ட அறிவித்தல், சமூகவிரோத நடத்தை, குற்றம், பொலிஸ் பணி பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பிரிவை நான் பல முறை வாசித்தேன். ஒருவரின் நடத்தை மற்றவர்களுக்குத் தொல்லையோ அச்சமோ தந்திருக்கிறது, அல்லது தரக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. சட்டம் கேட்பது நடத்தையை. ரயிலை விட்டிறங்கிப் படியேறிய ஒரு பையனிடம் உங்கள் அதிகாரி கண்ட நடத்தை எது என்பதை அந்தத் தாளில் எங்கும் காண முடியவில்லை.

வன்முறை இல்லை என்று வாதாட நான் வரவில்லை. 1985 மே 29 அன்று பிரசல்ஸின் ஹெய்சல் அரங்கில், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததால் ஏற்பட்ட நெரிசலிலும் சுவர் சரிந்ததிலும் 39 பேர் இறந்தார்கள். அந்தப் பெயர்களுக்கு முன்னால் எந்தத் தாயும் தலைகுனிந்தே நிற்க வேண்டும். ஆனால் அந்த அச்சம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. ரசிகன் என்றாலே அடாவடிக்காரன் என்ற எண்ணம் இரும்பு வேலியாக எழுந்து நின்ற ஷெஃபீல்ட் நகரத்தின் ஹில்ஸ்பரோ அரங்கில், 1989 ஏப்ரல் 15 அன்று, கூட்ட நெரிசலில் மூச்சுத் திணறி வேலியில் ஏறியவர்களை மைதானத்துக்குள் புக முயல்பவர்கள் என்றே பொலிஸாரில் சிலர் முதலில் எண்ணினார்கள். 97 பேர் இறந்தார்கள். அவர்களில் 10 வயதுச் சிறுவனும் ஒருவன். இறந்த குழந்தைகளின் இரத்தத்திலும் மது இருக்கிறதா என்று சோதித்தார்கள் என்பதை முதன்முதலில் அறிந்த இரவில் என்னால் உறங்க முடியவில்லை. ரசிகர்கள் மீது எந்தப் பிழையும் இல்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்றம் சொல்வதற்கு 2016 வரை, 27 ஆண்டுகள், அந்தக் குடும்பங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

என் பிள்ளைக்கு நேர்ந்தது அதன் பக்கத்தில் வைக்கக்கூடியதல்ல. ஆனாலும், ஒருவனைப் பார்ப்பதற்கு முன்பே அவன் யாரென்று முடிவு செய்துவிடும் அதே பழக்கம்தான் இரண்டிலும் இருக்கிறது.

வேறு வழி உண்டு என்பதும் உங்கள் துறையினருக்குத் தெரியும். 2004இல் போர்த்துகலில் நடந்த ஐரோப்பியப் போட்டியின்போது, கிளிஃபர்ட் ஸ்டொட் முதலிய உளவியல் அறிஞர்களின் ஆலோசனைப்படி, நகரங்களைக் காவல் காத்த பொலிஸார் கலவரக் கவசம் இல்லாமல் இருவர் இருவராகக் கூட்டத்துக்குள் நடந்து, ரசிகர்களோடு பேசி, உண்மையாகவே வம்பு செய்தவர்களை மட்டும் தொடக்கத்திலேயே பிரித்து எடுத்தார்கள். அங்கெல்லாம் இங்கிலாந்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டும் பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. அந்த முறையைக் கைக்கொள்ளாத வேறொரு படையின் பொறுப்பில் இருந்த அல்புஃபெய்ரா கடற்கரை ஊரில்தான் கலவரம் வெடித்தது. கூட்டத்தில் நிற்கும் ஒருவனை நீங்கள் எப்படி நடத்துகிறீர்களோ, அவன் யாருடைய பக்கம் சேர்வான் என்பதை அதுவே தீர்மானிக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். அந்த நாளுக்கு முன்னர் பொலிஸ் வேலையில் சேரலாமா என்று மகன் ஒரு முறை என்னைக் கேட்டிருக்கிறான். இப்போது தெருவில் பொலிஸாரைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போகிறான்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஒரு பையனை மறித்தால், அவன் என்ன செய்தான் என்பதைத் தாளில் எழுதுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால் அவனை ஆட்டத்துக்குப் போகவிடுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தெரியாத நகரத்திலிருந்து திருப்பி அனுப்பும்போது பெற்றோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுங்கள். கழகங்களின் பாதுகாப்பு அலுவலர்களே, வெளியூர் ஆட்டங்களுக்கு வரும் இந்தப் பையன்களை உங்கள் பணியாளர்கள் வாரா வாரம் பார்க்கிறார்கள். யார் வம்புக்காரர், யார் வாயைத் திறந்து பாடுவதற்காக மட்டும் வருபவர் என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். பொலிஸார் ஒரு முடிவு எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். எவ்விதக் குற்றச்சாட்டும் இல்லாமல் பிடிக்கப்பட்ட என் மகனின் படம் இன்னும் வைக்கப்பட்டிருந்தால், அதை அழித்துவிட்டு எங்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

வருகிற சனிக்கிழமையும் அவன் வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறான். ஜக்கெட்டை விடவில்லை. ஆனால் ரயில் ஏறுவதற்கு முன் சின்னத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். பல பையன்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம். நான் தைத்துக் கொடுத்த பொத்தானும் அதன் பக்கத்துப் பொத்தானும் மட்டும் அவன் கையில் இருக்கும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ஒரு ரசிகனின் தாய்